காலிச் சாடி முழங்கிய கடை: சீனத் தொடர்கதைகளில் எதை முதலில் எடுப்பது?

மிங் வம்சம் வீழ்ந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஜாங் தாய். நான்ஜிங்கில் தான் கேட்ட ஒரு கதைசொல்லியைப் பற்றி அவர் சின்னதாக ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். கதைசொல்லியின் பெயர் லியு ஜிங்திங். கறுத்த நிறம், முகமெல்லாம் தழும்பு. ஒரு நாளைக்கு ஒரு பகுதிதான் சொல்வார். கட்டணம் ஒரு லியாங் வெள்ளி. பத்து நாள் முன்பே முன்பணம் கொடுத்துச் சொல்லிவைத்தால்தான் வருவார். கேட்பவர்களில் யாராவது காதோடு காதாகப் பேசினாலோ கொட்டாவி விட்டாலோ கதையை அப்படியே நிறுத்திவிடுவார். ‘ஷுய்ஹு ஜுவான்’ என்ற பழைய நாவலின் வீரன் வூ சோங் புலியை அடித்துக் கொன்ற கதையை அவர் சொல்லக் கேட்ட ஜாங் தாய், சண்டை வரும் இடத்தில் குரல் வீட்டையே அதிர வைத்தது என்று எழுதுகிறார். ஆனால் அவர் வியந்து நிற்கும் இடம் வேறு. வூ சோங் சாராயக் கடைக்குள் நுழைகிறான். உள்ளே ஆள் இல்லை. ஓங்கி ஒரு குரல் கொடுக்கிறான். கடையில் இருந்த காலிச் சாடிகளும் பானைகளும் கும்மென்று முழங்குகின்றன. அச்சில் உள்ள நாவலில் இந்தச் சாடிகள் கிடையாது, அவை லியுவின் சொந்தச் சரக்கு. சும்மா கிடக்கும் இடத்தில்கூட இவ்வளவு நுணுக்கமாக வண்ணம் பூசுகிறாரே என்கிறது அந்தக் குறிப்பு.

சீனத் தொடர்கதைகளில் எதில் தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் எனக்கு இந்தச் சாடிகள்தான் நினைவுக்கு வரும். போன மாதம் என் அத்தை மகள் கேட்டாள். வேலைக்கு ரயிலில் போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். கைப்பேசியில்தான் படிப்பாள். சீனம் தெரியாது, ஆங்கிலத்தில் படிப்பதில் சிரமமில்லை. "இழுத்துட்டுப் போகணும், ஆனா பாதியில வெறுத்துப் போயி விடற மாதிரி இருக்கக் கூடாது" என்றாள். அந்த இரண்டாவது நிபந்தனைதான் கடினமானது. சீனத் தொடர்கதைகளின் நீளம் அப்படி.

அவளுக்காக மூன்றை எடுத்து வைத்தேன். ஹாங்காங் செய்தித்தாளில் 1957 முதல் 1959 வரை ஜின் யோங் எழுதிய கழுகு வீரர்களின் கதை. சிதியென் இணையதளத்தில் 2009-ல் தொடங்கி 2011-ல் முடிந்த, தியான்ச்சான் தூதௌ என்ற புனைபெயர்க்காரரின் ‘தௌ போ சாங் ச்சியோங்’. அதே தளத்தில் 2018 முதல் 2020 வரை வந்த ‘மர்மங்களின் அதிபதி’. இதை எழுதியவரின் புனைபெயருக்கு ‘முக்குளிக்கப் பிடிக்கும் கணவாய் மீன்’ என்று பொருள். மூன்றும் மொத்தமாக எழுதி முடித்துவிட்டுத் துண்டு போட்டவை அல்ல. அன்றன்றைக்கு எழுதி அன்றன்றைக்கு வாசகர் கைக்குப் போனவை.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடலாம். தொடர்கதை என்றாலே பலரும் முடிச்சைத்தான் பேசுவார்கள், அத்தியாயத்தின் கடைசி வரியில் கத்தியை ஓங்கிவிட்டு நிறுத்துவதை. சீனத்தில் அதற்கு நீண்ட வம்சம் உண்டு. பழைய அத்தியாய நாவல்களில் பெரும்பாலும் ஒவ்வோர் அத்தியாயமும், மேற்கொண்டு என்ன ஆனது என்று அறிய வேண்டுமானால் அடுத்த பகுதியைக் கேளுங்கள் என்று முடியும். படிக்கிற நூலிலும் ‘கேளுங்கள்’ என்றே இருக்கும், கதைசொல்லியின் மேடையிலிருந்து வந்த வழக்கம் அது. இன்றைய இணைய வாசகர்கள் இப்படி அறுத்து நிறுத்தும் எழுத்தாளரைச் செல்லமாகத் திட்டுவதற்கென்றே சொற்கள் வைத்திருக்கிறார்கள். அடுத்த அத்தியாயம் எங்கே என்று நச்சரிப்பதற்கு ஒரு சொல், எழுப்பிய மர்மத்தை விளக்காமல் விடுவதற்குக் ‘குழி தோண்டுதல்’, விளக்கினால் ‘குழி மூடுதல்’. ஆனால் முடிச்சு எல்லாரிடமும் இருக்கிறது, மோசமான கதையிலும் இருக்கிறது. அது அடுத்த நாள்வரை இழுக்கும், அவ்வளவுதான். ஆயிரம் அத்தியாயம் தாண்டி ஒரு பாத்திரத்தோடு நடக்க வைப்பது வேறு ஏதோ ஒன்று. அது எந்தக் கதையில் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன்.

ஜின் யோங்கின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சியில் சண்டையே கிடையாது. மங்கோலியப் புல்வெளியில் வளர்ந்த குவோ ஜிங், பதினெட்டு வயதில் முதல்முறையாகத் தெற்கே வருகிறான். ஜாங்ஜியாகோவ் ஊரில் ஒரு பெரிய உணவு விடுதிக்குள் போகிறான். என்ன கேட்பது என்று தெரியாமல் ஒரு தட்டு மாட்டிறைச்சியும் ரொட்டியும் வாங்கி, மங்கோலிய வழக்கப்படி கையால் அள்ளி அள்ளி வாயில் திணிக்கிறான். வாசலில் கூச்சல். கந்தல் உடுத்த ஒரு பிச்சைக்காரப் பையன் மாந்தோ என்ற ஆவியில் வெந்த ரொட்டி ஒன்றைத் திருடிவிட்டான் என்று கடைக்காரர்கள் அடிக்கப் போகிறார்கள். குவோ ஜிங் தன் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்கிறான். பையனோ கிடைத்த மாந்தோவை நாய்க்குப் போட்டுவிடுகிறான். அவனை உள்ளே அழைத்து உட்கார வைக்கிறான் குவோ ஜிங்.

பிறகு பையன் உணவு வகைகளைச் சொல்லத் தொடங்குகிறான். முதலில் உலர்பழம் நாலு, பச்சைப் பழம் நாலு, உப்புப் புளிப்பு இரண்டு, தேனில் ஊறியவை நாலு. எந்தப் பருவத்தில் எந்தப் பழம் கிடைக்கும் என்றுகூடச் சொல்கிறான். அப்புறம் மதுவோடு சாப்பிட எட்டு வகை. கேலியாகப் பார்த்துக்கொண்டிருந்த பரிமாறுகிறவர் வாயடைத்துப் போகிறார். இருவரும் பேச ஆரம்பிக்கிறார்கள். எப்போதும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத குவோ ஜிங், பாலைவனத்தையும் கழுகுகளையும் பற்றி மடை திறந்ததுபோல் பேசுகிறான். பேச்சில் சாப்பாடு ஆறிவிடுகிறது. ஆறியதைத் தின்ன முடியாது, எல்லாவற்றையும் மறுபடி சமைத்துக் கொண்டுவா என்கிறான் பையன். குவோ ஜிங் சரி என்கிறான். கடைசியில் கணக்கு வருகிறது: பத்தொன்பது லியாங், ஏழு ச்சியன், நாலு ஃபென். வெளியே குளிர். தன் விலையுயர்ந்த மென்மயிர் மேலங்கியைக் கழற்றிப் பையனுக்குப் போர்த்திவிடுகிறான். பொன் கொடுக்கிறான். சற்று நேரம் கழித்து, உன்னிடம் இருக்கும் அபூர்வமான பொருள் ஒன்றைக் கேட்டால் தருவாயா என்று பையன் விளையாட்டாக ஆழம் பார்க்கிறான். அது குவோ ஜிங் ஏறி வந்த செங்குதிரை. ஒரு நொடிகூட யோசிக்காமல் கொடுத்துவிடுகிறான். பையன் மேசைமேல் கவிழ்ந்து அழுகிறான்.

அந்தப் பையன் உண்மையில் ஹுவாங் ரோங் என்ற பெண். அதை ஜின் யோங் அப்போது சொல்லமாட்டார். கரி பூசிய முகத்தில் சிரிக்கும்போது தெரியும் வெள்ளைப் பற்களையும், திரும்பும்போது தெரியும் வெளுத்த கழுத்தையும் மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். நமக்குப் புரிந்துவிடும், குவோ ஜிங்குக்குப் புரியாது. அவன் மந்தபுத்திக்காரன், ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் மாணவன் என்று அதற்கு முன்னால் பல அத்தியாயம் சொல்லியாகிவிட்டது. இந்தச் சாப்பாட்டு மேசையில்தான் அந்த மந்தம் எத்தகையது என்று தெரிகிறது. கணக்குப் பார்க்கத் தெரியாத மனம் அது. அவளோ ஆளைக் கணக்குப் போட்டே பழகியவள், வீட்டைவிட்டு ஓடி வந்தவள். அவள் போட்ட கணக்கு குதிரையோடு உடைகிறது. அதன்பின் எத்தனை சதி, எத்தனை பிரிவு வந்தாலும் இந்த இருவரும் ஏன் ஒருவரையொருவர் விடவில்லை என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தோம்.

இதே கதையில் வித்தை கற்கும் கட்டத்தையும் பாருங்கள். வித்தை கற்பது எல்லாப் போர்க்கலைக் கதையிலும் வரும், பெரும்பாலும் தூங்க வைக்கும். இங்கே ஹுவாங் ரோங் களிமண் பூசிக் கோழி சுட்டுக்கொண்டிருக்கிறாள். பின்னாலிருந்து ஒரு குரல், மூன்றாகப் பிய், பின்பக்கத் துண்டு எனக்கு என்கிறது. பிச்சைக்காரர் கூட்டத்தின் தலைவர் ஹோங் சீகோங். ஒரு விரல் இல்லாத மனிதர். தின்னும் ஆசையில் ஒருமுறை ஒரு காரியத்தைக் கோட்டைவிட்டு, அந்தக் கோபத்தில் தன் ஆட்காட்டி விரலைத் தானே வெட்டிக்கொண்டவர். ஆனாலும் நாக்கு அடங்கவில்லை. அந்த நாக்கைப் பிடித்துக்கொண்டு அவள் நாளுக்கொரு பதார்த்தமாகச் சமைத்துப் போடுகிறாள். அவர் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒவ்வொரு அடியாகக் குவோ ஜிங்குக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மூன்று பேருடைய குணமும் ஒரே அடுப்பில் வேகிறது. ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் எழுத்து மட்டுமே அச்சாகும் செய்தித்தாள் பத்தியில் இதைச் செய்திருக்கிறார். அத்தனை சிறிய இடத்தில் ஒரு காட்சி இரண்டு வேலையாவது செய்தாக வேண்டும்.

தொடராக எழுதுவதில் இருந்த ஆபத்தும் ஜின் யோங்குக்குத் தெரியும். 1965-ல் இன்னொரு தொடர் நடந்துகொண்டிருந்தபோது அவர் வெளிநாடு போக நேர்ந்தது. பத்தி நின்றுவிடக் கூடாதென்று நண்பர் நி குவாங்கை எழுதச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் ஆ ஸி என்ற பெண் பாத்திரத்துக்குக் கண் போயிருந்தது. நி குவாங்குக்கு அவளைப் பிடிக்கவே பிடிக்காதாம், பார்வையைப் பறித்துவிட்டார். நேற்றைய தாளில் அச்சாகி ஊர் முழுக்கப் படித்ததை அழிக்க முடியாது. அந்தக் குருட்டுத்தன்மையைச் சுற்றியே ஜின் யோங் கதையை வளர்த்தார். பின்னாளில் புத்தகமாகத் திருத்தும்போது நி குவாங் எழுதிய பகுதியை எடுத்துவிட்டார், கண் போனதை மட்டும் விட்டுவிட்டார். அவள்மீது பித்தாக இருந்த ஒருவன் தன் கண்களையே அவளுக்குக் கொடுப்பதாக வரும் இடம் இந்த விபத்திலிருந்து பிறந்ததுதான். ஒரு சக எழுத்தாளரைக் கையோங்க வைக்கும் அளவுக்கு அவளுக்கு உயிர் இருந்திருக்கிறது. எனக்கு அதுவே பெரிய சான்று.

இப்போது இரண்டாவது கதை. ‘தௌ போ’வின் முதல் வரி ஒரு மதிப்பெண். சோதனைக் கல்லில் எழுத்து மின்னுகிறது: சக்தி, மூன்றாம் நிலை. பதினைந்து வயது சியாவ் யான் உணர்ச்சி காட்டாமல் நிற்கிறான். நகங்கள் உள்ளங்கையில் பதிகின்றன. சுற்றி நிற்பவர்கள் கேலி செய்கிறார்கள். இவன் பத்து வயதில் ஒன்பதாம் நிலையில் இருந்தவன், பதினோரு வயதில் அதையும் தாண்டியவன், பிறகு காரணம் தெரியாமல் சரிந்தவன். சில அத்தியாயம் கழித்து, அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் நாலான் யான்ரான் பெரிய குருகுலத்தின் ஆட்களோடு வந்து, சபையில் வைத்து நிச்சயத்தை முறிக்கக் கேட்கிறாள். தகப்பனார் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். மகன் எழுந்து, காகிதத்தில் எழுதி, உள்ளங்கையைக் கத்தியால் கீறி முத்திரை பதிக்கிறான். நீ நிச்சயத்தை முறிக்கவில்லை, நான்தான் உன்னைத் தள்ளி வைக்கிறேன் என்று அர்த்தமாகும்படி எழுதிய விலக்குச் சீட்டு அது. மூன்று ஆண்டு கழித்து மோதிப் பார்ப்போம் என்று ஒப்பந்தம்.

இந்தக் காட்சி வலுவானது. எத்தனை பேர் நகலெடுத்தார்கள் என்று எண்ணி மாளாது. நகல்களில் காணாமல் போவது ஒன்று உண்டு: மூலத்தில் நாலான் யான்ரான் கெட்டவள் அல்ல. தாத்தாக்கள் பேசி முடித்த திருமணம் தனக்கு வேண்டாம் என்கிறாள், ஈடாக அருமையான மருந்து ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, கேட்ட விதத்தில்தான் இரக்கம் இல்லை. அந்த ஈட்டுப் பொருள்தான் அவமானத்தை உள்ளே இறக்குகிறது. வெறும் திமிர்பிடித்த பெண்ணாக இருந்திருந்தால் நாம் கோபப்பட்டுவிட்டு மறந்திருப்போம்.

பிறகுதான் சிக்கல். 2003 அக்டோபரில் சிதியென் கட்டண முறையைக் கொண்டுவந்தபோது ஆயிரம் எழுத்துக்கு இரண்டு ஃபென் (ஒரு யுவானில் ஐம்பதில் ஒரு பங்கு) என்று விலை வைத்தது. தொடக்க அத்தியாயங்கள் இலவசம். தொடர் ‘பலகை ஏறிய’ பின், அதாவது கட்டண வரிசைக்குப் போன பின், எழுத்துக்கு எழுத்து காசு. இரண்டாயிரம், மூவாயிரம் எழுத்தில் ஓர் அத்தியாயம், தினமும் ஒன்றோ இரண்டோ, அதற்கு மேல் வாசகர்கள் போடும் மாத வாக்கு, அன்பளிப்பு. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் வாசகர் தனித்தனியாகக் காசு கொடுக்கும் இடத்தில், ஒவ்வொரு அத்தியாயமும் கையில் ஏதாவது வைத்தாக வேண்டும். வாசகர்கள் அதை ‘ஷுவாங்’ என்பார்கள். முதுகில் அரிக்கும் இடத்தைச் சரியாகச் சொறிந்துவிட்டால் வருமே ஒரு சுகம், அதற்கு நெருக்கமான சொல். ஏளனம் செய்தவன் அடிபடுவதற்கு ‘முகத்தில் அறைதல்’, நாயகனுக்கு மட்டும் கிடைக்கும் ரகசிய அனுகூலத்துக்குப் ‘பொன்விரல்’. சியாவ் யானுக்குப் பொன்விரல் அம்மா விட்டுப்போன மோதிரம். அதற்குள் கிழவர் ஒருவரின் ஆவி. அவனுடைய சக்தியை மூன்று ஆண்டாக உறிஞ்சியது அவர்தான். இதுவும் நல்ல கற்பனைதான், ஏனென்றால் அவனுடைய அவமானத்துக்கும் அவனுடைய குருவுக்கும் ஒரே வேர்.

ஆனால் மூன்று ஆண்டு ஒப்பந்தம் தீர்ந்த பிறகு கதை ஊர் மாறுகிறது. புதிய ஊர், அங்கே இன்னும் பெரிய படிநிலை, இன்னும் பெரிய திமிர், முகத்தில் இன்னொரு அறை. இப்படி 1,600 அத்தியாயத்துக்கு மேல். ஊரை மாற்றினால் பழைய ஆட்களும் போய்விடுகிறார்கள், வந்தவர்கள் அடி வாங்குவதற்காக வருகிறார்கள். சாராயக் கடையில் வூ சோங் இருக்கிறான், புலியும் இருக்கிறது, சாடிகள் மட்டும் இல்லை. நான் இதைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் வேலையில் தலைகுனிந்து வீடு திரும்பும் ஒருவருக்கு அன்றைய அத்தியாயத்தில் சியாவ் யான் நிமிர்ந்து நிற்பது என்ன கொடுத்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அன்றன்று ஒன்றாகப் படிக்கும்போது அது மருந்து. முடிந்த கதையை மொத்தமாக உட்கார்ந்து படிக்கும்போது ஒரே மாத்திரையை நூறு தடவை விழுங்குவதுபோல் ஆகிவிடுகிறது. என் அத்தை மகள் மொத்தமாகத்தான் படிக்கப் போகிறாள்.

மூன்றாவது கதையும் அதே தளத்தில், அதே கட்டண முறைக்குள் எழுதப்பட்டதுதான். ஆகவே தளத்தைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. கிளைன் மொரெட்டி என்பவனின் உடலில், தலைவலியோடு விழித்தெழுகிறான் நம் காலத்துச் சீன இளைஞன் ஒருவன். நீராவி எந்திரங்களும் வாயு விளக்குகளும் உள்ள, விக்டோரியா காலத்து இங்கிலாந்து போன்ற ஓர் உலகம். மேசையில் கைத்துப்பாக்கி, திறந்து கிடக்கும் நாட்குறிப்பு. பயமுறுத்தும் தொடக்கம்தான். ஆனால் அடுத்து அவன் என்ன செய்கிறான்? தங்கை மெலிஸா சொல்லிவிட்டுப் போனபடி ரொட்டியும் ஆட்டிறைச்சியும் பட்டாணியும் வாங்கக் கடைக்குப் போகிறான். ஒரு பவுண்டுக்கு இருபது சோலி, ஒரு சோலிக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறான். அண்ணன் பென்சன் சம்பளத்தில் மூவரும் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று அந்தச் சில்லறைக் கணக்கிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னால் தெய்வங்களும் பைத்தியமும் உலக முடிவும் வரப் போகும் கதையில், முதலில் நம்மை உட்கார வைப்பது இந்தப் பட்டாணிக் குழம்பு.

இந்தக் கதையில் கேப்டன் டன் ஸ்மித்தை எனக்கு மறக்க முடியாது. கிளைன் வேலைக்குச் சேரும் இரவுக் காவல் படையின் தலைவர். சாம்பல் நிறக் கண், முன்னந்தலையில் முடி ஏறிப்போனவர், ஞாபகமறதிக்காரர். பேசி முடித்துக் கிளைன் கதவுப் பக்கம் போவான். "கொஞ்சம் இரு, இன்னொன்று" என்பார். அடுத்த தடவையும் அப்படியே. பிறகு கிளைனே கதவருகே நடந்தபடி மனதுக்குள் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறான், எண்ணி முடிக்கவும் "இன்னொன்று" வருகிறது. சிரித்துக்கொண்டே படிக்கிறோம். கதை அதனால் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. முதல் தொகுதியின் முடிவில் அந்த "இன்னொன்று" நின்றுபோகிறது. எப்படி என்று இங்கே எழுத மாட்டேன். எத்தனையோ பெரிய சாவுகளைப் படித்திருக்கிறேன், இந்த அளவுக்கு எதுவும் என்னை உலுக்கவில்லை. அந்தத் துக்கத்துக்கான முதலீடு முழுவதும் சும்மா கிடந்த இடங்களில் செய்யப்பட்டிருக்கிறது.

இந்தக் கதையின் ஆட்களுக்குச் சக்தி ஏறும் முறையும் குணத்தோடு பிணைந்தது. சக்தி தரும் மாய மருந்தைக் குடித்தால் மட்டும் போதாது, அந்த மருந்தின் பெயருக்குரிய ஆளாக நடித்து வாழ்ந்தால்தான் அது உடம்பில் சேரும். குறிசொல்லி மருந்து குடித்தவன் குறிசொல்லியாகவே நடமாட வேண்டும், கோமாளி மருந்து குடித்தவன் கோமாளியாக. ‘தௌ போ’வில் படி ஏறினால் பலம் கூடும். இங்கே படி ஏற வேண்டுமானால், தான் யார் என்று ஒருவன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடிப்பில் கரைந்துவிட்டால் பைத்தியம்தான்.

சாம்பல் மூடுபனிக்கு மேலே உள்ள மாய இடத்தில், டாரட் குறிசீட்டுகளின் பெயரைச் சூட்டிக்கொண்டு கூடும் குழு வேறொரு பலம். முகம் தெரியாதவர்கள், ஒருவருக்கொருவர் பொய்ப் பெயர். ஒருவர் ஓர் ஊரில் கேட்ட தகவல், இன்னொருவருக்கு வேறோர் ஊரில் உயிர் பிழைக்க உதவுகிறது. 1892-ல் ஷாங்காயில் தன் சொந்தப் பத்திரிகையில் தொடர் எழுதிய ஹான் பாங்ச்சிங், ஒரு கதையை நடுவில் விட்டு இன்னொன்றை நுழைப்பது, ஒரு சம்பவத்தை மறைத்து வைத்துப் பல அத்தியாயம் கழித்து ஒரு கணம் மின்ன வைப்பது என்று தன் முறையை விளக்கியிருக்கிறார். ஊடுருவல், ஒளித்தல் என்று அவர் சொன்ன அதே கைவேலை நூற்று இருபது ஆண்டுக்குப் பிறகு கைப்பேசித் திரையில் நடக்கிறது. சிதியெனின் செயலியில் ஒவ்வொரு பத்தி ஓரத்திலும் வாசகர் கருத்துகளின் எண்ணிக்கை தெரியும். இப்படி மின்னும் பத்திகளில் அந்த எண் எகிறி நிற்பதைப் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. ஏறத்தாழ 1,400 அத்தியாயம். நடுவில் கடற்பயணப் பகுதி எனக்குக் கொஞ்சம் தண்ணீர் காட்டியது. புரியாத பெயர்களையும் அமைப்புகளையும் முதல் ஐம்பது அத்தியாயத்தில் கொட்டிவிடுகிறார்.

நாலாவதாக ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜின்ஜியாங் என்ற தளத்தில், பெரும்பாலும் பெண்கள் எழுதிப் பெண்கள் படிக்கும் இடத்தில், மோ சியாங் தோங் சியு 2015-16-ல் எழுதிய ‘மோ தாவ் ஸு ஷி’ என்ற கதை. 2019-ல் தொலைக்காட்சித் தொடராகி உலகெங்கும் போனதும் அதுதான். நாயகன் வெய் வூசியான் இறந்துவிட்டான், எல்லாருக்கும் மகிழ்ச்சி என்று கதை தொடங்குகிறது. ஊர் வாயில் முதலில் அவன் அரக்கன். பிறகு இறந்தகாலமும் நிகழ்காலமும் மாறி மாறி வந்து அந்த வதந்தியை ஒவ்வோர் இழையாகப் பிரிக்கின்றன. இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதல்தான் கதையின் முதுகெலும்பு. நூற்றுச் சொச்சம் அத்தியாயத்தில் முடிந்துவிடும். நீளம்தான் பயம் என்றால் தயங்காமல் இதை எடுக்கலாம். என் அத்தை மகள் தொலைக்காட்சித் தொடரை ஏற்கெனவே பார்த்துவிட்டாள், அதனால் இது பட்டியலிலிருந்து விலகியது.

மொழிபெயர்ப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். சீனக் கதையில் ஒருவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்பதே பாதிக் குணச்சித்திரம். கிழட்டு வீரர் ‘இந்தக் கிழவன்’ என்பார், பணிவுள்ளவர் ‘கீழிருப்பவன்’ என்பார், தலைக்கனம் பிடித்த தலைவர் ‘இந்தப் பீடம்’ என்பார். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே ‘ஐ’ ஆகிவிடுகிறது. அடியேன், யாம், நான் என்று வித்தியாசம் தெரிந்த நமக்கு இழப்பு எங்கே என்று உடனே தெரியும். அதேபோல் ஒரே குருவிடம் கற்றவர்கள் ஒருவரையொருவர் மூத்த அண்ணா, இளைய தங்கை என்று அழைப்பது ஆங்கிலத்தில் மரக்கட்டையாக ஒலிக்கும். நாம் மனதுக்குள் அண்ணா, அக்கா என்று மாற்றிப் படித்துக்கொண்டால் அந்த உறவின் சூடு திரும்பி வந்துவிடும். நேற்றுவரை ‘அண்ணா’ என்றவர் இன்று முழுப்பெயர் சொல்லி அழைத்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம். ஜின் யோங்கின் கழுகு வீரர்களுக்கு 2018 முதல் 2021 வரை நாலு தொகுதியாகக் கவனமான ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துவிட்டது, முதல் தொகுதி அன்னா ஹோம்வுட் செய்தது. இணையத் தொடர்களின் மொழிபெயர்ப்பு, மூலத்தைப் போலவே, அன்றன்றைக்கு ஓடி ஓடிச் செய்தது. வாக்கியம் தடுக்கும் இடங்கள் நிறைய. கிளைனின் உலகம் ஆங்கிலேய உலகம் என்பதால் அந்தக் கதை மட்டும் இதில் அதிகம் அடிபடவில்லை.

ஆகவே அவளுக்கு நான் சொன்னது ஜின் யோங். தொடக்கம் மெதுவாக இருக்கும். நியூஜியா கிராமத்துப் பனியில் அப்பாக்களின் கதை நடக்கும்போது நாயகன் பிறந்தே இருக்கமாட்டான். முதல் தொகுதியின் பிற்பகுதியில்தான் ஜாங்ஜியாகோவ் வருகிறது. அதுவரை பொறுத்துப் படித்துவிட்டு, அந்த விடுதிக் காட்சிக்குப் பிறகும் ரயில் நிறுத்தம் தவறிப் போகாவிட்டால், யோசிக்காமல் மூடிவிட்டு மர்மங்களின் அதிபதிக்கு மாறிவிடலாம். மாறினால் டன் ஸ்மித்தின் தொகுதி முடியும்வரையாவது போக வேண்டும், நடுவில் நின்றால் அந்தக் கதையைப் படித்ததாகவே ஆகாது. ‘தௌ போ’வை மூன்று ஆண்டு ஒப்பந்தம் தீரும் இடம்வரை மட்டும் படித்தால் போதும். அவளே கதை எழுதுகிறவளாக இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கொடுத்திருப்பேன். ஒரு காட்சியை எப்படி முறுக்கேற்றுவது என்பதை அந்த முதல் பத்து அத்தியாயத்தைவிட நேராகக் கற்றுத்தருவது வேறொன்றும் எனக்குத் தெரியாது. படிக்க மட்டும் வருகிறவளுக்கு அந்த வரிசை தேவையில்லை.

மாற்றிச் சொல்ல வேண்டிய ஆட்களும் உண்டு. ஒரே உலகத்துக்குள் மாதக்கணக்கில் குடியிருக்க ஆசைப்படுகிறவர், துப்பறியும் கதையில் சிறு தடயங்களைக் குறித்துவைத்துப் படிக்கிறவர், நேராகக் கிளைனிடம் போகலாம். குவோ ஜிங்கைப் போன்ற நல்லவர்களோடு பொறுமை இல்லாதவர்களும் அப்படியே.

முந்தாநாள் ரயிலிலிருந்து எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். புல்வெளியில் வானத்தில் கழுகுகள் சண்டையிடுகின்றன, குவோ ஜிங் வில்லை வளைத்து ஒரே அம்பில் இரண்டை வீழ்த்திவிட்டானாம். ஜாங்ஜியாகோவுக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் இருக்கிறது.